பிரஷ் கட்டர் வாங்கும்போது: பெட்ரோலா, பேட்டரியா என்பதற்கு முன் செய்யும் தவறுகள்

ஐப்பசி மழை விட்டு, தோட்டத்தில் புல் இடுப்பளவுக்கு நிற்கும்போதுதான் பலரும் தோளில் மாட்டிப் புல் வெட்டும் பிரஷ் கட்டர் வாங்கக் கிளம்புகிறார்கள். கடையில் முதலில் கேட்பது "எத்தனை சிசி?" அல்லது "எத்தனை வோல்ட்?" இரண்டுமே அட்டைப்பெட்டியில் சுலபமாகப் பெருக்கிப் போடக்கூடிய எண்கள். வெட்டப்போவது அருகம்புல்லா, பார்த்தீனியமா, கருவேலங்கன்றா? ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் ஓட வேண்டும்? வருஷத்தில் எத்தனை மாதம் சும்மா கிடக்கும்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பாதித் தவறுகள் நடக்காது.

ஸ்டிக்கரை நம்புவது

விலை குறைந்த டூ ஸ்ட்ரோக் இயந்திரங்களில் "63 சிசி" என்று பெரிதாக ஒட்டியிருப்பார்கள். ஸ்டிக்கரை விட்டுவிட்டு, இன்ஜினில் பொறித்திருக்கும் குறியீட்டைத் தேடுங்கள். 1ஈ40எஃப் (1E40F) என்றால் ஒற்றை சிலிண்டர், அதன் உள்விட்டம் 40 மி.மீ.; வழக்கமாக 43 சிசி வரும். 1ஈ44எஃப் என்றால் 44 மி.மீ., சுமார் 52 சிசி. பொறிப்பில் 44, ஸ்டிக்கரில் 63 என்றிருந்தால் பொறிப்பையே நம்பலாம்.

பேட்டரியில் இந்த விளையாட்டு இன்னும் மோசம். ஆன்லைனில் "48விஎஃப்", "88விஎஃப்" என்று விற்பவற்றில் பெரும்பாலும் உள்ளே இருப்பது வரிசையாக இணைத்த 5 லித்தியம் செல்கள்தான். செல்லுக்கு 3.6 வோல்ட் வீதம் 18 வோல்ட், முழு சார்ஜில் 21 வோல்ட். சார்ஜரின் பின்பக்கம் அவுட்புட் 21 வோல்ட் என்று போட்டிருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். நல்ல நிறுவனங்கள் "18 வோல்ட்" என்றும் "20 வோல்ட்" என்றும் விற்பவையும் அதே 5 செல் பேக்தான். அதனால் 20 என்றிருப்பது கூடுதல் சக்தி என்று நினைத்து அதிகப் பணம் தர வேண்டாம்.

பேட்டரிக்கு நேரக் கணக்கு போடாமல் வாங்குவது

வோல்ட்டை ஆம்பியர் அவரால் (பேக்கில் Ah என்று போட்டிருப்பது) பெருக்கினால் வாட் அவர், அதாவது பேக்கில் உள்ள மொத்த மின்சக்தி வரும். 18 வோல்ட், 5 ஆம்பியர் அவர் பேக்கில் இருப்பது 90 வாட் அவர். மெல்லிய புல்லை ஓரம் சீவ 250 வாட் இழுத்தால் சுமார் 20 நிமிடம் ஓடும். அடர்ந்த புல்லில் 500 வாட் இழுத்தால் 11 நிமிடத்துக்கும் குறைவு. 2 ஆம்பியர் சார்ஜரில் அது மறுபடி நிரம்ப இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆக, இரண்டு பேட்டரி வைத்திருந்தாலும் மாற்றி மாற்றித் தொடர்ந்து வேலை செய்ய முடியாது. விலை குறைவாகத் தெரியும் இயந்திரம் பேட்டரியும் சார்ஜரும் இல்லாத வெறும் உடம்பாக இருக்கலாம்; பெட்டியில் என்னென்ன வருகிறது என்று படித்துப் பாருங்கள்.

ஐந்து, பத்து சென்ட் வீட்டு மனைக்கும் வேலி ஓரத்துக்கும் பேட்டரி போதும். அரை ஏக்கர் தாண்டினால் பெட்ரோல்தான். பிளக் பாயின்ட் பக்கத்திலேயே இருக்கும் இரண்டு மூன்று சென்ட்டுக்கு இரண்டுமே வேண்டாம். வயர் மாட்டும் மின்சாரப் புல்வெட்டி மலிவாகக் கிடைக்கும். ஈரப் புல்லில் மட்டும் அதைத் தொடாதீர்கள், லைனில் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்க வேண்டும்.

வெயிலில் கிடந்த பேக்கைச் சூட்டோடு சார்ஜரில் செருகக் கூடாது. நல்ல சார்ஜர் ஆறும் வரை ஏற்றாது; மட்டமான சார்ஜர் ஏற்றிக்கொண்டே இருக்கும், செல் கெடும். மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில், வீட்டுக்குள் வையுங்கள். காலியாகவே கிடந்த பேக்கைச் சார்ஜர் பிறகு ஏற்றுக்கொள்ளாமலே போகலாம்.

பெட்ரோலை டேங்கிலேயே விட்டுவைப்பது

பெட்ரோல் இயந்திரங்கள் அதிகம் கெடுவது ஓடி அல்ல, சும்மா கிடந்துதான். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும். கார்புரேட்டரின் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு விறைத்துப்போகும், பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட் பிசின் கட்டி அடைத்துக்கொள்ளும். அடுத்த சீசனில் சோக் போட்டால் ஸ்டார்ட் ஆகும், ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் அணைந்துவிடும். ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கப்போவதில்லை என்றால் டேங்கைக் கவிழ்த்து வடித்து, மிச்சம் தீர்ந்து தானாக அணையும்வரை ஓட விடுங்கள். இதைச் செய்யப் பொறுமை இல்லாதவர்களும் வருஷத்துக்கு நான்கு நாள் மட்டும் எடுப்பவர்களும் பேட்டரி பக்கம் போவது நல்லது.

டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு கலக்க வேண்டிய ஆயில் அளவு கையேட்டில் இருக்கும். 25:1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி, 50:1 என்றால் 20 மில்லி. குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கூடினால் பிளக் கறுத்து, சைலன்சர் வாயில் கரி அடையும். ஊற்றவேண்டியது டூ ஸ்ட்ரோக்குக்கென்றே விற்கும் 2டி ஆயில். கார் இன்ஜின் ஆயில் எரிந்தால் சாம்பல் தங்கும்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயிலைப் பெட்ரோலில் கலப்பதில்லை, இன்ஜினில் தனியாக ஊற்றுகிறோம்; அங்கே வேறு தவறு நடக்கிறது. ஹோண்டா ஜிஎக்ஸ்35 போன்ற 35.8 சிசி இன்ஜின் பிடிப்பது 100 மில்லி ஆயில்தான். பைக் பழக்கத்தில் வாய் வழிய ஊற்றினால் ஆயில் ஏர் ஃபில்டருக்கு ஏறி, வெண்புகை தள்ளும். புது இன்ஜினில் முதல் ஆயில் மாற்றம் 10 மணி நேரத்திலேயே வந்துவிடும். பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

ஒரே இயந்திரத்தில் எல்லாம் செய்ய நினைப்பது

பிரஷ் கட்டரோடு களை எடுக்கும் வீடரும் மாட்டலாம் என்று கடையில் சொல்வார்கள். இறுகிய களிமண்ணில் 35 சிசி திணறும், கிளட்ச் தீயும். வாங்குவதாக இருந்தால் ஷாஃப்ட் குழாயின் விட்டம் 26 மி.மீட்டரா 28 மி.மீட்டரா, உள் கம்பியின் பல் 7ஆ 9ஆ என்று இரண்டையும் பாருங்கள். ஒன்று பொருந்தாவிட்டாலும் மாட்ட முடியாது.

இளம்புல்லுக்கும் சுவர் ஓரத்துக்கும் நைலான் கயிறு. முற்றிய புதருக்கு மூன்று பல் பிளேடு. விரல் தடிமன் தண்டுக்கு 40 அல்லது 80 பல் வட்ட பிளேடு. 35 சிசி வரை 2.4 மி.மீ. கயிறு போதும். காப்புத் தட்டில் உள்ள சிறு கத்தி கயிற்றைச் சரியான நீளத்தில் நறுக்குவதற்காக இருக்கிறது. இடைஞ்சல் என்று தட்டைக் கழற்றிவிட்டால் கயிறு நீண்டு இன்ஜின் இழுக்கமுடியாமல் போகும், கல்லும் நேராகக் காலுக்கு வரும். மாங்கன்றின் அடித்தண்டைச் சுற்றிக் கயிற்றை ஓட்டாதீர்கள்; பட்டை முழு வட்டமாக உரிந்தால் கன்று பட்டுப்போகும்.

கடையிலிருந்து எடுக்கும் முன் ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டுப் பாருங்கள். பிளேடு சுற்றக் கூடாது. சுற்றினால் ஐடில் கூடுதலாக இருக்கிறது அல்லது கிளட்ச் ஸ்பிரிங் சரியில்லை. பிளேடு நட் பெரும்பாலான இயந்திரங்களில் இடது மரை, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் பலங்கொண்டு இறுக்கியே மரையை உடைப்பவர்கள் உண்டு. அதே கடையில் கார்புரேட்டர் டயாஃப்ரமும் ஸ்டார்ட்டர் கயிறும் தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். கிடைக்காது என்றால் வேறு கடை பாருங்கள்.