விண்வெளிச் சட்டம் எழுதத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் மாதிரி வழக்குப் போட்டிகளுக்கு மாணவர்களைப் பயிற்றுவித்து வருகிறேன். அவர்களுடைய வாதவுரைகளைத் திருத்தும்போது, மாணவப் பருவத்தில் நான் செய்த அதே பிழைகளைக் காண்கிறேன். ஆண்டுகளை மாற்றி எழுதுவது போன்றவை பழக்கத்தில் திருந்திவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

தரைக்குரிய விதியை விண்ணுக்கும் எழுதுவது

"செய்மதியால் சேதம் நேர்ந்தால் ஏவிய நாடு இழப்பீடு செலுத்த வேண்டும்" என்ற வரியைக் கண்டால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. 1972ஆம் ஆண்டின் பொறுப்புச் சமவாயம் இரண்டு அளவுகோல்களை வைத்திருக்கிறது: தரையிலோ பறக்கும் விமானத்துக்கோ சேதம் நேர்ந்தால், தவறு நிரூபிக்கப்படாமலே ஏவிய நாடு பொறுப்பேற்க வேண்டும் (இரண்டாம் உறுப்புரை), விண்வெளியில் இன்னொரு நாட்டின் செய்மதி சேதமுற்றால், தவறு இருந்தால் மட்டுமே பொறுப்பு எழும் (மூன்றாம் உறுப்புரை). 1978இல் அணுஉலை பொருத்திய சோவியத் செய்மதியான கொஸ்மொஸ் 954 கனடாவில் சிதறி விழுந்தபோது, கனடா ஏறத்தாழ 60 இலட்சம் டொலர் கோரி 30 இலட்சம் பெற்றது. 2009இல் இயங்கிக்கொண்டிருந்த அமெரிக்கச் செய்மதி இரிடியம் 33உம் செயலிழந்த ரஷ்யச் செய்மதி கொஸ்மொஸ் 2251உம் சைபீரியாவுக்கு மேலே ஏறத்தாழ 790 கிலோமீற்றர் உயரத்தில் மோதியபோதோ, யாருடைய தவறு என்ற கேள்வியே முன்னால் நின்றது.

என் முதல் போட்டியில் இத்தகைய மோதலுக்குக் கனடாவின் கோரிக்கையை முன்னுதாரணமாகக் காட்டினேன். "இரண்டாம் உறுப்புரையா, மூன்றாம் உறுப்புரையா?" என்று நடுவர் கேட்டார். பதில் இல்லாமல் நின்றேன். எங்கள் அணி அன்றே வெளியேறியது.

இதே பிழை இன்னொரு பிழையையும் இழுத்து வருகிறது. ஐக்கிய நாடுகளின் 2007ஆம் ஆண்டு விண்கழிவு வழிகாட்டல்களையும், 2019இல் ஏற்கப்பட்ட நீண்டகால நிலைபேற்றுக்கான 21 வழிகாட்டல்களையும் சட்டவலு இல்லாதவை என்று மாணவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். சமவாயம் "தவறு" என்ற சொல்லை வரையறுக்கவில்லை. ஆகவே ஒரு நாடு உரிய கவனத்துடன் நடந்ததா என்று வாதிட அந்த வழிகாட்டல்களைத்தான் நாடவேண்டியிருக்கும்.

செயலிழந்த செய்மதிக்கு உரிமையாளர் இல்லை என்று கொள்வது

கடற்சட்டத்தின் கப்பல் மீட்பு விதி இங்கே செல்லாது. 1967 விண்வெளி உடன்படிக்கையின் எட்டாம் உறுப்புரைப்படி செய்மதியின் உரிமை மாறுவதில்லை.

ஏவிய நாடு ஒன்றுதான் என்று எழுதுவது

இலங்கையின் செய்மதியான இராவணா-1 2019இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு, சர்வதேச விண்வெளி நிலையத்தின் ஜப்பானியக் கூடத்திலிருந்து சுற்றுப்பாதையில் விடப்பட்டது. நேரடியாக ஏவிய நாடு, ஏவுவித்த நாடு, நிலம் தந்த நாடு, தளம் தந்த நாடு என நான்கையுமே பொறுப்புச் சமவாயம் "ஏவிய நாடு" என்று கொள்வதால், அவற்றைத் தனித்தனியாகச் சோதித்து எழுதுங்கள்.