விடைக்கு மூன்று புள்ளி

தரம் 8, 9 மாணவருக்கு வினாவிடை நடத்தும் ஆசிரியர், சினிமா, கிரிக்கெட், புவியியல் ஆகியவற்றைத் தனித்தனிச் சுற்றுகளாகப் பிரிக்காமல் ஒரே வினாவுக்குள் கோத்துவிடுவது நல்லது. பிரித்து வைத்தால் கிரிக்கெட் சுற்று முழுவதும் இரண்டு பையன்களின் சொத்தாகிவிடும். மற்றவர்கள் மணியடிப்பதற்காகக் காத்திருப்பார்கள்.

வினா மனிதரில் தொடங்கி இடத்தில் முடிய வேண்டும். முத்தையா முரளிதரன் தமது 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை எந்த நகரில் வீழ்த்தினார் என்று கேட்டால், அவர் கண்டிக்காரர் என்று அறிந்த பிள்ளைகள் யோசிக்காமல் கண்டி என்பார்கள். 2010இல் அது நிகழ்ந்தது காலியில். 1996 உலகக் கிண்ண இறுதியாட்டம் நடந்த லாகூரும் இவ்வகை வினாவுக்குப் பொருத்தமான இடமே. பாடவேளை 40 நிமிடங்கள்தான் என்பதால் எட்டு வினாக்கள் போதும்.

ஒரு வினாவுக்குப் பத்துப் புள்ளிகள்: விடைக்கு மூன்று, தேசப்படத்தில் இடத்தைக் காட்டுவதற்கு மூன்று, அதைப் பற்றி அரை நிமிடம் பேசுவதற்கு நான்கு. பேச்சுக்கு அதிகம் ஒதுக்குவதைச் சிலர் ஏற்கமாட்டார்கள்; ஆயினும் விடை தெரிந்தும் வாய் திறக்காத பிள்ளையை எழுப்ப எனக்கு வேறு வழி தெரியவில்லை.

முன்னே வரும் பிள்ளை பெரும்பாலும் வகுப்புக்கு முதுகைக் காட்டித் தேசப்படத்தோடுதான் பேசும். ஆகவே படத்துக்குப் பக்கவாட்டில் நிற்கவும், இடத்தைத் தொட்டபின் கையைக் கீழே விடவும், அதன் பிறகே கடைசி வாங்கைப் பார்த்து முதல் வசனத்தைத் தொடங்கவும் முன்கூட்டியே ஒருமுறை செய்து காட்ட வேண்டும். பேசுவதற்கு மூன்று வசனங்கள் போதும்: இடம் எங்கே உள்ளது, அங்கே என்ன இருக்கிறது, நம் ஊரோடு அதற்கு என்ன தொடர்பு. காலியைக் காட்டிய பிள்ளை, அங்குள்ள கோட்டையை 1640இலும் நம் மட்டக்களப்புக் கோட்டையை 1638இலும் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர் என்று சொன்னால் மூன்றாவது வசனம் நிறைந்துவிடும்.

உள்ளூர் வினா ஒன்றாவது இருக்கட்டும். இயக்குநர் பாலு மகேந்திரா பிறந்த ஊர் எது என்பதை நான் ஒவ்வொரு முறையும் கேட்பதுண்டு. விடையான அமிர்தகழி சுவரில் தொங்கும் இலங்கைப் படத்தில் இராது என்பதால், மட்டக்களப்பு வாவியையும் அதிலுள்ள புளியந்தீவையும் முதலிலேயே கரும்பலகையில் வரைந்துவிடுவேன். ஒருமுறை பின்வாங்குச் சிறுமி ஒருத்தி, "ரீச்சர், மாமாங்கம்" என்றாள். என் தாளில் அமிர்தகழி என்றே இருந்ததால் பிழை என்று சொல்லிவிட்டேன். அவள் உட்காராமல் முன்னே வந்து, நான் வரைந்த வாவியின் ஓரத்தில் வெண்கட்டியால் ஒரு கோயிலைக் கீறி, மாமாங்கேஸ்வரர் கோயில் இருப்பதே அமிர்தகழியில்தான் என்றும், திருவிழாவுக்குப் போகிறவர்கள் ஊரின் பெயரைச் சொல்வதில்லை என்றும் வகுப்பைப் பார்த்தே விளக்கினாள். பத்துப் புள்ளிகளையும் கொடுத்து, விடைத்தாளில் அமிர்தகழிக்குப் பக்கத்தில் மாமாங்கத்தையும் எழுதிக்கொண்டேன்.