தனியார் கார் பார்க் டிக்கெட்டும் ப்ளூ பேட்ஜும்: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஊரிலிருந்து நடக்கச் சிரமப்படும் அம்மாவையோ அப்பாவையோ கூட்டி வந்து, ஒரு காரும் வாங்கிவிட்டீர்கள் என்றால், ஒரு நாள் இந்தக் கடிதம் உங்கள் வீட்டுக்கும் வரும். மேலே 'பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்', நடுவில் உங்கள் நம்பர் பிளேட்டின் இரண்டு படங்கள், கீழே 100 பவுண்டு. 14 நாளுக்குள் கட்டினால் 60. எங்களுக்கு வந்தபோது அன்றைக்கு இரவே கட்டிவிடப் பார்த்தேன். கட்டியிருந்தால் மேல்முறையீடு செய்யும் வழி அத்தோடு அடைபட்டிருக்கும்.

அனுப்பியது யார் என்று முதலில் பாருங்கள். உள்ளூராட்சியான கவுன்சில் அனுப்புவது 'பெனால்டி சார்ஜ் நோட்டீஸ்'. அது சட்டப்படியான அபராதம், அதற்கான வழிமுறை வேறு. தனியார் நிறுவனம் அனுப்புவது 'பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்'. இரண்டையும் பி.சி.என். என்றுதான் சொல்வார்கள், அதில்தான் குழப்பமே. தனியார் கடிதம் அபராதம் அல்ல. 'எங்கள் போர்டில் எழுதியிருந்த நிபந்தனையை மீறினீர்கள், அதற்கு இவ்வளவு தாருங்கள்' என்று ஒரு நிறுவனம் கேட்கும் பணம், அவ்வளவுதான். உங்கள் முகவரியை, கார்ப் பதிவுகளை வைத்திருக்கும் அரசு அலுவலகமான டி.வி.எல்.ஏ.விடம் இரண்டரை பவுண்டு கொடுத்து வாங்கியிருப்பார்கள். இது போலீஸ் விவகாரமும் இல்லை, குற்றமும் இல்லை.

அடுத்து ப்ளூ பேட்ஜ், அதாவது நடக்கச் சிரமப்படுபவர்களுக்காகக் கவுன்சில் தரும் பார்க்கிங் சலுகை அட்டை. ஊரில் வாங்கிய மாற்றுத்திறனாளி அட்டை இங்கே செல்லாது. நீங்கள் வசிக்கும் கவுன்சிலில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இங்கிலாந்தில் அதிகபட்சம் 10 பவுண்டு, பேட்ஜ் மூன்று ஆண்டு வரை செல்லும். விசாவில் 'பப்ளிக் ஃபண்ட்ஸ் (அரசு உதவிகள்) கிடையாது' என்று போட்டிருக்கிறதே, கேட்கலாமா என்று பலர் தயங்குகிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் பிப் போன்ற உதவித்தொகைகள் அந்தப் பட்டியலில் வரும், ப்ளூ பேட்ஜ் வராது. பிப் இல்லாதவர்களின் நடக்கும் திறனைக் கவுன்சிலே பார்த்து முடிவு செய்யும், டாக்டர் கடிதங்களைச் சேர்த்து அனுப்புங்கள். பேட்ஜ் காருக்கு அல்ல, ஆளுக்கு. அம்மா காரில் இல்லாத நாளில் அதை வைத்து நிறுத்தினால் 1,000 பவுண்டு வரை அபராதம் உண்டு, அதில் விளையாட வேண்டாம்.

இந்தப் பேட்ஜின் சட்டச் சலுகைகள் பொதுச் சாலைக்குத்தான். மற்றவர்கள் நிறுத்தக் கூடாத மஞ்சள் கோட்டில் மூன்று மணி நேரம் நிறுத்தலாம் என்பதெல்லாம் அங்கேதான், அங்கேயும் வெஸ்ட்மின்ஸ்டர் போன்ற மத்திய லண்டன் பகுதிகளில் விதி வேறு. சூப்பர் மார்க்கெட், ரீடெயில் பார்க், கல்யாண மண்டபம் இவற்றின் கார் பார்க் தனியார் நிலம். அங்கே சக்கர நாற்காலிப் படம் போட்ட இடத்தில் நிறுத்தி, பேட்ஜையும் கண்ணாடிக்குள் வைத்துவிட்டால் போதும் என்று நினைத்துத்தான் நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

அது இரண்டு மணி நேரம் இலவசமாக நிறுத்தக்கூடிய இடம். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் பலவீனம். கதவு முழுதாகத் திறக்கிற மாதிரி காரை நிறுத்த வேண்டும். டிக்கியிலிருந்து வாக்கரை எடுத்து விரிக்க வேண்டும். அப்புறம் அம்மாவின் இடது காலை என் கையால் தூக்கி வெளியே வைத்து, அவர் மூச்சு வாங்கி எழுந்து நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். கடை வாசலுக்குப் போய்ச் சேரவே பத்து நிமிடம் ஆகிவிடும். திரும்பும்போதும் அதே. கேமராவுக்கு இதெல்லாம் தெரியாது. கார் நுழைந்த நேரம், வெளியேறிய நேரம் இரண்டை மட்டும் பிடித்துக் கழித்துப் பார்க்கிறது. பேட்ஜையும் அது பார்ப்பதில்லை. கடிதத்தில் இருந்தது 2 மணி 19 நிமிடம். சலுகை நேரமாக விட வேண்டிய 10 நிமிடத்தைக் கழித்தால் மிச்சம் ஒன்பது நிமிடம். நடக்க முடியாத ஒருவரிடம் அந்த ஒன்பது நிமிடத்துக்கு 100 பவுண்டு கேட்பது அநியாயம், வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

இங்கேதான் 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டம் உதவுகிறது. மக்களுக்குச் சேவை வழங்கும் எவரும் மாற்றுத்திறனாளிகளுக்காகத் தங்கள் விதிகளில் நியாயமான மாற்றம் செய்ய வேண்டும் என்கிறது அது. 'ரீசனபிள் அட்ஜஸ்ட்மென்ட்' என்பார்கள், கடிதத்தில் இந்தச் சொல்லையே எழுதுங்கள். கூடுதல் நேரம் கேட்பது அதற்குச் சரியான உதாரணம். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: இந்தப் பாதுகாப்புக்கு ப்ளூ பேட்ஜ் தேவையில்லை. அன்றாட வாழ்க்கையைப் பெரிதாகப் பாதிக்கும் குறைபாடு 12 மாதமோ அதற்கு மேலோ நீடிக்கக்கூடியது என்றாலே போதும். பேட்ஜ் இன்னும் கைக்கு வராத புதியவர்களுக்கு இது பெரிய பலம்.

கார் பார்க் நிறுவனத்துக்குத்தான் நான் முதலில் எழுதினேன். 'தனியார் இடத்தில் பேட்ஜ் செல்லாது' என்று இரண்டு வரியில் மறுத்துவிட்டார்கள். பிறகு, வாங்கிய பொருட்களின் ரசீது, பேட்ஜின் நகல், மருத்துவமனைக் கடிதம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கடை மேனேஜரை நேரில் பார்த்தேன். அம்மாவும் வந்தார். ஒரு வாரத்தில் டிக்கெட் ரத்தானது. நிலத்துக்கோ கடைக்கோ பொறுப்பானவர் சொன்னால் அந்த நிறுவனம் பெரும்பாலும் கேட்கும். அதனால் நீங்கள் இரண்டையும் ஒரே நாளில் செய்யுங்கள்: நிறுவனத்துக்கு மேல்முறையீடு, கடைக்குப் புகார்.

நிறுவனம் மறுத்தால் அடுத்த படி வெளியே உள்ள ஒரு மேல்முறையீட்டு அமைப்பு, அதுவும் இலவசம். அந்த நிறுவனம் பிரிட்டிஷ் பார்க்கிங் அசோசியேஷன் என்ற சங்கத்தின் உறுப்பினர் என்றால் போப்லா, 28 நாளுக்குள். இன்டர்நேஷனல் பார்க்கிங் கம்யூனிட்டி உறுப்பினர் என்றால் ஐ.ஏ.எஸ்., 21 நாளுக்குள். எது என்பது மறுப்புக் கடிதத்திலேயே இருக்கும். அங்கே நீங்கள் தோற்றாலும் அந்த முடிவு உங்களைக் கட்டுப்படுத்தாது. கண்ணாடியில் எதுவும் ஒட்டாமல் தபாலில் மட்டும் வந்த நோட்டீஸ் என்றால் தேதியைக் கவனியுங்கள். நிறுத்திய நாளுக்கு மறுநாளிலிருந்து 14 நாளுக்குள் வந்து சேராவிட்டால், கார் உங்கள் பெயரில் இருக்கிறது என்பதற்காக மட்டும் உங்களிடம் வசூலிக்க முடியாது. 2012ஆம் ஆண்டு சட்டம் அப்படி. ஓட்டியது யார் என்று நிறுவனத்திடம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

'அதெல்லாம் கிழித்துப் போடுங்க தம்பி, ஒன்றும் செய்ய மாட்டான்' என்று இங்கே முப்பது வருடம் இருந்த அண்ணன்மார் சொல்வார்கள். அவர்கள் காலத்தில் அது சரி. 2012க்குப் பிறகு கார் பதிவில் பெயர் உள்ளவரையே பிடிக்க முடியும், 2015இல் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட 85 பவுண்டு கட்டணம் ஒன்றைச் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதனால் கடிதம் எதையும் வீசாதீர்கள். கடன் வசூல் நிறுவனங்கள் தொகையை 170 ஆக்கி சிவப்பு எழுத்தில் மிரட்டும். வீட்டுக்குள் வரவோ பொருளை எடுக்கவோ அவர்களுக்கு அதிகாரம் இல்லை. ஆனால் 'லெட்டர் பிஃபோர் க்ளெய்ம்', அதாவது வழக்குப் போடுமுன் அனுப்பும் எச்சரிக்கைக் கடிதம் வந்தால் 30 நாளுக்குள் பதில் போட வேண்டும். கவுன்ட்டி கோர்ட் படிவம் வந்தால் அதில் உள்ள கெடுவுக்குள் கண்டிப்பாகப் பதில் தர வேண்டும். அந்தக் கட்டத்தில் தனியாக மோதாமல், இலவசமாக ஆலோசனை சொல்லும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்துக்குப் போங்கள்.

மருத்துவமனை பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் என்.எச்.எஸ். (அரசு) மருத்துவமனைகளில் ப்ளூ பேட்ஜ் உள்ளவர்களுக்கு பார்க்கிங் இலவசம். ஆனால் பல இடங்களில் கார் நம்பரையும் பேட்ஜையும் ரிசப்ஷனில் பதிந்தால்தான் அது செல்லும். டாக்டரைப் பார்க்கும் அவசரத்தில் இதை மறந்து, இப்படிப்பட்ட நோட்டீஸ் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் எனக்குத் தெரிந்தே நிறைய.

புதிதாக வந்தவர்கள் அடிக்கடி வீடு மாறுகிறோம். மாறிய வாரத்திலேயே காரின் பதிவுப் புத்தகமான வி5சியில் முகவரியை மாற்றிவிடுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. பழைய ஈஸ்ட் ஹாம் முகவரிக்குக் கோர்ட் கடிதம் போய், நீங்கள் ஹாரோவில் இருந்தால், உங்களுக்குத் தெரியாமலே தீர்ப்பாகிவிடும். ஒரு மாதத்துக்குள் பணத்தைக் கட்டாவிட்டால் அந்தத் தீர்ப்பு ஆறு ஆண்டுகள் கடன் பதிவில் நிற்கும், வீட்டுக் கடன் கேட்கப் போகும் நாளில்தான் அது உங்களுக்கே தெரியவரும்.