விடியற்காலைச் சர்க்கரை இறங்கிய விதம்

இரவில் நான்கு இட்லியோடு நிறுத்திக்கொண்டாலும், தண்டையார்பேட்டையில் என் வீட்டுக் குளுக்கோமீட்டர் காலையில் 180-க்குக் குறையாமல் காட்டியது. நான் ஒளித்துத் தின்கிறேன் என்று மனைவி நினைத்தார். அந்தச் சந்தேகம்தான் அதிகம் சுட்டது.

மருத்துவர் சொன்னபடி சில நாட்கள் படுக்கும் முன்பும், அதிகாலை 3 மணிக்கும், எழுந்தவுடனும் விரலைக் குத்திப் பார்த்து நோட்டில் எழுதினேன். ஒரு நாள் கணக்கு: 138, 142, 184. 3 மணி அளவு 70-க்குக் கீழே போயிருந்தால் இரவு மருந்து அதிகமாகியிருக்கலாம் என்றும், எனக்கு அப்படியில்லாததால், விடியலை ஒட்டிச் சுரக்கும் கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் தூண்டிக் கல்லீரலே குளுக்கோஸை இரத்தத்தில் விடுகிறது என்றும் அவர் விளக்கினார். மாத்திரையை அவர்தான் மாற்றினார், நானாகத் தொடவில்லை.

பத்து மணிச் சாப்பாட்டை ஏழரைக்குக் கொண்டுவந்து, இட்லியை இரண்டாக்கி, சங்கரா மீன் துண்டுகளைக் கூட்டிக்கொண்டு, சாப்பிட்டபின் காசிமேடு பக்கம் அரை மணி நேரம் நடந்தேன். (லாரிகளுக்கு ஒதுங்கி நடப்பதே தனிப் பயிற்சி.) ஆறு வாரத்தில் காலை அளவு 130-க்குள் வந்தது. மனைவி இன்னும் நோட்டைப் புரட்டிப் பார்க்கத்தான் செய்கிறார்.