போன் பில்லுல புதுசா ஒரு சார்ஜ் முளைச்சிருக்கா? சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி

பில்லு ஜாஸ்தியா வந்தா நாம முதல்ல பண்றது கஸ்டமர் கேருக்கு போன் போட்டு "ஏன் இவ்ளோ வந்திருக்கு"ன்னு கத்துறதுதான். நானும் கத்துனேன், இருபது நிமிஷம். அந்தப் பக்கம் இருந்தவங்க பொறுமையா "எந்த சார்ஜ் தப்புன்னு சொல்றீங்க"ன்னு கேட்டப்ப என்கிட்ட பதிலே இல்ல, ஏன்னா நான் பாத்தது மெசேஜ்ல வந்த மொத்தத் தொகைய மட்டும்தான். முழு பில்லையும் டவுன்லோட் பண்ணி போன மாச பில்லையும் பக்கத்துல வச்சு எந்த சார்ஜ் புதுசுன்னு பாருங்க. தேதி, பேரு, தொகை மூணும் கையில இருந்தாத்தான் அவங்களாலயும் தேட முடியும்.

புது சார்ஜ் எல்லாமே திருட்டுன்னு நினைக்கறதும் தப்பு. மாச நடுவுல பிளான் மாத்துனா மிச்ச நாளுக்கு ஒரு தொகை, அடுத்த மாச வாடகை அட்வான்ஸா ஒரு தொகைன்னு சேந்து வரும், பாக்க டபுளா இருக்கும். ரோமிங் கணக்கு வெளிநாட்டு நெட்வொர்க்ல இருந்து வந்து சேரணும், அதனால சில சமயம் அடுத்த பில்லுல தலைகாட்டும்.

"நான் யூஸ் பண்ணவே இல்ல"ன்னு அடிச்சு சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிங்க. ஐபோன்ல ஐமெசேஜ் (நெட் வழியா மெசேஜ் அனுப்பற ஆப்பிள் வசதி) ஆன் ஆகும்போது அதுவா ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும், அதுக்கு சில நெட்வொர்க்ல காசு. வெளிநாட்டுல இருக்கும்போது எடுக்காம விட்ட கால் வாய்ஸ்மெயிலுக்குப் போனா, உங்க போன் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போன கணக்குல ரெண்டு சார்ஜ் விழலாம். நம்மாளுங்களுக்குன்னே ஒண்ணு இருக்கு: இங்கிலீஷ் எஸ்எம்எஸ் 160 எழுத்து வரைக்கும் ஒரே மெசேஜ், தமிழ்ல அடிச்சா 70தான், அதுலயும் கால், கொம்பு, புள்ளியெல்லாம் தனித்தனி எழுத்தா எண்ணுவாங்க, நாலு வரி வாழ்த்து அனுப்புனா மூணு மெசேஜ் கணக்காயிடும்.

உண்மையிலயே வம்பு புடிச்சது வெளிக் கம்பெனி சந்தாதான். மொபைல் டேட்டால இருக்கும்போது நெட்வொர்க்குக்கு உங்க நம்பர் தெரியும், கார்டு நம்பர் எதுவும் கேக்காமலே விளம்பரத்துல கை பட்டா சந்தா ஆரம்பிச்சு காசு நேரா போன் பில்லுல ஏறிடுறது உண்டு. இதுல எல்லாரும் பண்ற தப்பு ரீஃபண்ட் மட்டும் கேக்கறது. சந்தா உயிரோடதான் இருக்கும், அடுத்த மாசம் மறுபடி வரும். சந்தாவ கேன்சல் பண்ணுங்க, காச திருப்பிக் குடுங்க, இனிமே என் நம்பர்ல வெளிக் கம்பெனி சார்ஜ் ஏறாம பிளாக் பண்ணுங்கன்னு மூணையும் சேத்துக் கேளுங்க. "அந்தக் கம்பெனியவே கேளுங்க"ன்னு தட்டிக் கழிப்பாங்க, அதுக்கு மயங்கி போன வைக்காதீங்க, பில்லு போட்டது இவங்கதானே.

அடுத்தது பெரிய தப்பு, கோவத்துல மொத்த பில்லையும் கட்டாம விடறது. லேட் ஃபீ ஏறும், லைன் கட்டாகும், வசூல் ஏஜென்ட் வரைக்கும் போகும், அப்புறம் நம்ம நியாயத்தக் கேக்க யாரும் இருக்க மாட்டாங்க. கடைசித் தேதிக்கு முன்னாடியே எழுத்துல புகார் குடுத்து, தகராறுல இருக்கற தொகைய மட்டும் நிறுத்தி வைங்கன்னு கேட்டு, அவங்க ஒத்துக்கிட்டத மெயில்ல வாங்கிட்டு மிச்சத்தக் கட்டிடுங்க. ஆட்டோபே இருந்தா அது பாட்டுக்கு முழுசா உருவிடும், அதையும் முதல்லயே பாத்துக்கங்க. எடுத்த உடனே பேங்க்ல சொல்லி பேமென்ட்ட ரிவர்ஸ் பண்ணாலும் அவங்க கணக்குல அது கட்டாத பில்லுதான்.

வேற நெட்வொர்க்குக்கு மாறிட்டா தீர்ந்துச்சுன்னு கிளம்பறவங்களும் உண்டு. போன பழைய நெட்வொர்க்கிட்டயே தவணைல வாங்கியிருந்தா மிச்சம் மொத்தமும் ஒரே அடியா வரலாம், லாகின் மூடிட்டா பழைய பில்லும் கிடைக்காது.

"அடுத்த பில்லுல அட்ஜஸ்ட் ஆயிடும்"னு சொன்னா புகார் நம்பரும் எவ்ளோ தொகைன்னும் கேட்டு வாங்கிக்கங்க. எனக்கு அப்படித்தான் சொன்னாங்க, சார்ஜ் திரும்பி வந்துச்சு, அதுமேல போட்ட வரி மட்டும் வரல, அதுக்கு இன்னொரு தடவ போன் போட வேண்டியதாப் போச்சு.