வாய்ட் டெக் யாருடையது? படப்பிடிப்பு அனுமதியில் நாம் செய்யும் தவறுகள்

சிங்கப்பூரில் குறும்படம் எடுக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் தேடுவது, எங்கு வேண்டுமானாலும் காட்டக்கூடிய ஒரே ஓர் அனுமதிக் கடிதத்தை. அப்படி ஒன்று இங்கே கிடையாது. யார் பொறுப்பில் இடம் இருக்கிறதோ அவர்களிடம்தான் கேட்க வேண்டும். பொது இடம்தானே, யார் கேட்கப்போகிறார்கள் என்ற நினைப்புதான் முதல் தவறு.

ஒரு சின்னக் காட்சியை எடுத்துக்கொள்வோம். கதாநாயகி லிஃப்டிலிருந்து இறங்கி, வாய்ட் டெக்கை, அதாவது அடுக்குமாடி புளோக்கின் திறந்த தரைத்தளத்தைத் தாண்டி, கார் நிறுத்துமிடம் வழியாகப் போய் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறாள். பஸ் வரவில்லை, பக்கத்துப் பூங்கா இணைப்புப் பாதையில் நடக்கத் தொடங்குகிறாள். படத்தில் மொத்தம் நாற்பது விநாடி. லிஃப்டும் வாய்ட் டெக்கும் நகர மன்றத்தின் பொறுப்பு. கார் நிறுத்துமிடத்துக்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக). நிறுத்தமும் சாலையோர நடைபாதையும் நிலப் போக்குவரத்து ஆணையத்தைச் சேர்ந்தவை. இணைப்புப் பாதைக்கு வந்துவிட்டால் தேசியப் பூங்காக் கழகம். நாலு இடத்துக்கு நாலு விண்ணப்பம்! லிஃப்ட் வாசலில் தொடங்கி வாய்ட் டெக் தூணுக்குப் பக்கத்திலேயே காட்சியை முடிக்க முடியுமா என்று கதை எழுதும்போதே யோசித்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

அடுத்தது, விண்ணப்பத்தில் கதையின் ஆழத்தை விளக்குவது. என் முதல் விண்ணப்பத்தில் முதுமையின் தனிமை பற்றி ஒரு பக்கம் எழுதினேன். திரும்பி வந்த கேள்விகள் வேறு: எத்தனை பேர் வருகிறீர்கள், விளக்குக் கம்பங்களை எங்கே நிறுத்துவீர்கள், மின்சாரம் எங்கிருந்து, சக்கர நாற்காலியில் வருபவருக்கு வழி இருக்கிறதா? அவர்கள் கேட்டதும் நியாயம்தான். தாழ்வாரத்தில் எடுப்பதானால் 1.2 மீட்டர் வழி எப்போதும் காலியாக இருக்க வேண்டும், அது தீயணைப்பு விதி. சாமான்கள் வைக்கும் இடத்தைக் குறித்து ஒரு வரைபடம் இணைத்துவிடுங்கள். புளோக்கின் பிளக்கில் வயரைச் செருகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், பேட்டரி கொண்டுபோங்கள்.

அனுமதி கையில் வந்துவிட்டால் இடம் நமக்குத்தான் என்று நம்புவதும் தவறு. ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கேமராவோடு போய் இறங்கினோம். வாய்ட் டெக்கில் வெள்ளைத் துணி கட்டி, வட்ட மேசைகள் போட்டிருந்தார்கள். முந்தின இரவு மேல்மாடியில் ஒரு தாத்தா தவறிவிட்டார். சாவுக்கு யார் தேதி குறிக்க முடியும்? கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டோம். அன்றிலிருந்து எப்போதும் இன்னொரு புளோக்குக்கும் சேர்த்தே கேட்டு வைக்கிறேன்.

லிட்டில் இந்தியாவின் தேக்காவில் எடுப்பவர்கள் பரோட்டாக் கடை அண்ணன் தலையாட்டினால் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். அவர் சம்மதம் அவர் கடைக்கு மட்டும். உணவங்காடி நிலையத்துக்குத் தனியாகக் கேட்க வேண்டும். கோயிலென்றால் நிர்வாகத்திடம் பேசுங்கள், அர்ச்சகரிடம் அல்ல.

டிரோன் விஷயத்தில் "சின்னதுதானே" என்ற பேச்சு எடுபடாது. 250 கிராமுக்கு மேல் எடை இருந்தால் பதிவு கட்டாயம். விமான நிலையம், விமானப்படைத் தளம் ஆகியவற்றிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் பறக்கவிட, அல்லது 200 அடிக்கு மேல் ஏற்ற, அனுமதி வேண்டும். சாங்கி, பாய லேபார், தெங்கா, செம்பவாங் என்று வட்டம் போட்டுப் பாருங்கள், தீவில் மிச்சம் எவ்வளவு என்று தெரியும். பொம்மைத் துப்பாக்கியோ போலிஸ் சீருடையோ காட்சியில் இருந்தால் முன்கூட்டியே போலிசிடம் பேசிவிடுங்கள். ஜன்னலிலிருந்து பார்க்கிறவருக்கு அது படப்பிடிப்பு என்று எப்படித் தெரியும்? பாதுகாக்கப்பட்ட இடம் என்ற அறிவிப்புப் பலகை கண்ணில் பட்டால் கேமராவை இறக்கிவிடுங்கள்.

கடைசியாக, அலுவலகத்துக்கு எழுதிவிட்டு அங்கே குடியிருப்பவர்களை மறப்பது. லிஃப்ட் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டலாமா என்று நகர மன்றத்தைக் கேட்டுவிட்டு, இரண்டு நாள் முன்பே தேதியும் நேரமும் தொடர்பு எண்ணும் போட்டு ஒட்டுங்கள். தமிழில் மட்டும் எழுதினால் போதாது. கடிதத்தின் நகல் ஒன்று கையில் இருக்கட்டும், இரவு ஒன்பது மணிக்கு யாராவது வந்து கேட்டால் அலுவலகத்துக்கு போன் போட முடியாது. போன தடவை எங்கள் அறிவிப்பைப் பார்த்துவிட்டு இரண்டாம் மாடி ஆன்ட்டி இறங்கி வந்தார். புகார் சொல்லத்தான் வருகிறார் என்று பயந்தோம். "வசந்தம் டிவில எப்ப போடுவாங்க?" என்று கேட்டார்.