சீழ்க்கை அலைகளால் காந்தமண்டலத்தை அளத்தல்

மின்கம்பிகளின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் எட்டாத, யாழ்ப்பாணத்து மணற்காட்டு மணற்குன்றுகளில், இரவில் கம்பிச்சுருள் அன்டனாவை நாட்டி, தொலைதூர மின்னல்களின் வானொலி அலைகள் தரைக்கும் அயனமண்டலத்துக்கும் (வளிமண்டலத்தின் மின்னேற்றம் பெற்ற மேலடுக்கு) இடையே தெறித்து வருவதால் எழும் ‘ட்வீக்’ ஒலிகளை முதலில் பதிவுசெய்யுங்கள். அவற்றின் வால் ஏறத்தாழ 1.7 கிலோஹேர்ட்ஸில் நீண்டு முடியும். ஒளிவேகத்தை அந்த மீடிறனின் இருமடங்கால் வகுத்தால், அயனமண்டல அடிப்பக்கத்தின் உயரம் சுமார் 88 கிலோமீற்றர் எனக் கிடைக்கும். எளிய கணக்கில் வானம் அகப்படும் அந்த மகிழ்ச்சியைத் தவறவிடாதீர்கள்.

அதற்கும் மேலே, பூமியின் காந்தப்புலம் ஆளும் காந்தமண்டலத்தின் பிளாஸ்மாவை (மின்னேற்றத் துகள்களாலான வாயு) அளக்க, சீழ்க்கைபோல் இறங்கி ஒலிக்கும் சீழ்க்கை அலைகளே வேண்டும். மின்னலலை காந்தப்புலக் கோட்டின் வழியே மறு அரைக்கோளத்தை அடைகையில், உயர் மீடிறன் முந்தியும் தாழ் மீடிறன் பிந்தியும் வருவதை 1953இல் இயற்பியலாளர் ஸ்டோரி விளக்கினார். யாழ்ப்பாணம் காந்த நடுக்கோட்டை அண்டியிருப்பதால் அவை இங்கு அரிது. எனவே இடை அகலாங்கில் பதிவான சீழ்க்கை அலையொன்றை எடுத்து, நிறமாலைப் படத்தில் (நேரத்தோடு மீடிறன் மாறுவதைக் காட்டும் படம்) பல மீடிறன்களின் வருகைநேரங்களைக் குறித்து, மீடிறனின் வர்க்கமூலத் தலைகீழுக்கு எதிராக வரையுங்கள். ஒரே பாதையில், சாய்வு கூடினால் இலத்திரன் அடர்த்தியும் கூடியுள்ளது.